பிட் அடித்து மாட்டிய பையனுக்கு நேர்மையைப் பழக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: "பையனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் பிட் வைத்திருந்து மாட்டிக்கொண்டான். வீட்டில் கேட்டால், பக்கத்துப் பையன் தூக்கிப் போட்டது என்று சாதிக்கிறான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளை. நீதிக்கதை சொல்லித்தான் வளர்த்தோம். திட்டியாச்சு, அடிச்சும் பார்த்தாச்சு. இவன் குணமே இதுதானா, மாற்ற வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. அதற்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: சில்லறையில் நேர்மையாக இருப்பவன் பரீட்சையில் இல்லை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விசித்திரம் அல்ல. 1920-களில் அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு ஆய்வாளர்கள் 8 முதல் 16 வயது வரையுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நேர்மைச் சோதனை வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அது சோதனை என்றே தெரியாது. ஒரு சோதனையில் காகிதத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண் எழுத வேண்டும். உண்மையிலேயே கண்ணை மூடினால் எத்தனை சரியாக விழும் என்பதை முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியவர்கள் எட்டிப் பார்த்தவர்கள். இன்னொன்றில் விடைத்தாள்களை வாங்கிப்போய் ரகசியமாகப் பிரதி எடுத்துவிட்டு, விடைக்குறிப்போடு திருப்பிக் கொடுத்து "நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள். வேறொன்றில் புதிர்ப்பெட்டிக்குள் ஒரு நாணயம். அது திரும்பி வருகிறதா என்று பார்த்தார்கள்.

1928 முதல் 1930 வரை வெளியான முடிவுகள் பலரைத் திடுக்கிட வைத்தன. ஒரு சோதனையில் ஏமாற்றிய பிள்ளை இன்னொன்றில் ஏமாற்றுமா என்று நிச்சயமாக ஊகிக்க முடியவில்லை. சோதனைகளுக்கு இடையேயான தொடர்பு (முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0) 0.2-ஐ ஒட்டித்தான் இருந்தது. சமய வகுப்புக்குப் போவதும், நற்குணம் வளர்க்கும் அமைப்புகளில் சேர்ந்திருப்பதும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. எந்த வகுப்பில், எந்தச் சேர்க்கையில் இருக்கிறான் என்பது வித்தியாசம் காட்டியது. 1963-இல் ரோஜர் பர்டன் அதே தரவை மறுபடி ஆராய்ந்து, நேர்மை என்று பொதுவான ஓர் அம்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டினார். ஆகவே குணம் என்பது கற்பனை இல்லை. பல இடங்களில் பல நாள் நடந்துகொண்டதன் கூட்டுச் சராசரியைத்தான் குணம் என்கிறோம். ஒரு பிட்டுச் சீட்டை வைத்து "இவன் குணம் இதுதான்" என்று தீர்ப்பு எழுத முடியாது. அதேபோல, ஓர் இடத்தில் படிந்த நேர்மை தானாக இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் இருக்கக் கூடாது. சில்லறை விஷயத்தில் அவன் எத்தனையோ தடவை பழகியிருக்கிறான். கொடுத்ததும் நீங்கள் எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைக்கிறீர்கள், அந்த நம்பிக்கை அவனுக்குப் பிடித்திருக்கிறது. பரீட்சை ஹாலில் அப்படி எதுவும் பழகவில்லை. அங்கே அவனிடம் எல்லாரும் கேட்டது மார்க் மட்டும்தான்.

எனவே பரீட்சை என்ற அந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முதலில் அவன் ஏன் பிட் எழுதினான் என்று தெரிய வேண்டும். கோபம் தணிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வினாத்தாளிலிருந்து ஐந்து கணக்கு கொடுங்கள். கடிகாரம் வேண்டாம், மார்க் வேண்டாம். போட்டுவிட்டால் பாடம் தெரிகிறது. பயமோ, நேரம் போதாததோ, மார்க் ஆசையோ காரணம். போட முடியாவிட்டால் ஏழாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று கீழே இறங்குங்கள். பின்னக் கூட்டல், குறை எண் கழித்தல் என்று எங்கோ ஓர் இடத்தில் வண்டி நின்றுபோயிருக்கும். அந்த இடத்திலிருந்து தினம் 20 நிமிடம் சொல்லிக்கொடுங்கள். வாயால் கேட்டால் சரியாகச் சொல்கிறான், வாசித்துப் போடச் சொன்னால் தடுமாறுகிறான் என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். போர்டைப் பார்த்து எழுதுவதில் எண்கள் மாறினால் கண்ணைப் பாருங்கள். பாடமே புரியாத பிள்ளையிடம் நேர்மையை மட்டும் கேட்பது, "எல்லார் முன்னாலும் ஃபெயிலாகி நில்" என்று கேட்பதுதான். 13 வயதில் அந்த விலையைக் கொடுக்கிறவர்கள் மிகக் குறைவு. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிற பெற்றோர்தான் அதிகம். பின்னால் சொல்லப்போகிற எதுவும் பலிக்காமல் போவதும் அதனால்தான்.

அடுத்து அந்தப் பொய். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தெரியாதது போல "பிட் அடிச்சியா?" என்று கேட்காதீர்கள். பயந்து நிற்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் பொய் ஒன்றுதான் கதவு. அடித்து வளர்த்தால் பொய் குறையும் என்ற எண்ணமும் தவறு. 2011-இல் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒரு பள்ளியில் பென்சிலை மறந்து வந்தாலே பிரம்படி, தலையில் அடி, கிள்ளு. மற்றதில் அடி இல்லை, வெறும் கண்டிப்புதான். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "பார்த்தியா?" என்று கேட்டபோது, அடிக்கிற பள்ளியில் பார்த்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாருமே பொய் சொன்னார்கள், மற்ற பள்ளியில் பாதியை ஒட்டித்தான். அடிக்கிற பள்ளிப் பிள்ளைகள் அடுத்த கேள்வியில் உளறாமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலும் தேர்ந்திருந்தார்கள். அடி பொய்யை ஒழிக்கவில்லை, நன்றாகப் பொய் சொல்லப் பயிற்சி கொடுத்தது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் அந்தப் பிரிவு வராது. ஆனால் பிள்ளையின் மனசு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பேச வேண்டிய விதம் இது. தம்பி தங்கை, தாத்தா பாட்டி முன்னால் வேண்டாம். நேருக்கு நேர் உட்காராமல், நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுங்கள். முகம் பார்க்க வேண்டியிராதபோது இந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். முதல் வாக்கியத்திலேயே உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள்: "சார் பேப்பரைக் காட்டினார், உன் கையெழுத்துதான். செஞ்சியா இல்லையான்னு கேக்க வரல. எப்ப எழுதின, எந்தக் கணக்குக்குப் பயந்த, அத மட்டும் சொல்லு." பிறகு ஒரு வாக்குறுதி: "செஞ்சதுக்கு ஒரு விளைவு உண்டு, அது மாறாது. உண்மையச் சொன்னதுக்காக அது அதிகமாகாது." இந்த இரண்டாவது வாக்கியத்தை மீறினால் எல்லாம் கெட்டது. அவன் வாயைத் திறந்ததும் "அப்ப காலாண்டுலயும் இதே வேலைதானா?" என்று தோண்ட ஆரம்பிப்பதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. ஒப்புக்கொண்டால் விசாரணை நீளும் என்று ஒரு தடவை தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த தடவை ஒப்புக்கொள்ளாது. கால் மணி நேரத்துக்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்ட அன்றும் மறுநாளும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வகுப்பு முன்னால் அவமானப்பட்டு வந்த பிள்ளை, வீட்டிலும் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் இருப்பது ஆபத்து. சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஏதாவது சொன்னாலோ பாடம், நேர்மை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அதைக் கவனியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பேச்சுக்குள் போனதும் அவன் சில சமாதானங்களைச் சொல்வான். அவற்றைக் கவனமாகக் கேளுங்கள். தப்பு என்று தெரிந்தே செய்கிறவர்கள் தங்கள் மனசாட்சியை எப்படி வாயடைக்கிறார்கள் என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா வகைப்படுத்தினார். அதன் ஒவ்வொரு வகையும் நம் வகுப்பறைகளில் தினம் கேட்கிற வாக்கியம்தான். "எல்லாரும்தான் அடிக்கிறாங்க" என்றால் பொறுப்பு நாற்பது பேருக்குப் பங்கு போடப்படுகிறது. "ஒரு ஃபார்முலா மட்டும்தான் எழுதி வச்சிருந்தேன், அவன் கைட்டையே கிழிச்சு வச்சிருந்தான்" என்பதில் பெரிய தப்பின் பக்கத்தில் நிறுத்திச் சின்னத் தப்பைக் காணாமல் போக்குவது. "அந்த சார் நடத்தவே இல்ல" என்றால் பழி அங்கே போகிறது. "சும்மா ஹெல்ப்தான்" என்பதில் பெயர் மாறுகிறது. "இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்பதில் பாதிக்கப்பட்டவரே இல்லாமல் போகிறார்.

இவற்றை "வாயை மூடு" என்று வெட்டினால் அவை உள்ளேயே தங்கிவிடும். பாதி உண்மையை ஒப்புக்கொண்டு மீதியைத் திருப்பிக் கேளுங்கள்: "சார் நடத்தலங்கிறது உண்மையா இருக்கலாம். அதுக்கு என்னென்ன வழி இருந்துச்சு? பிட்டைத் தவிர மூணு வழி சொல்லு." மூன்றாவது வழியைச் சொல்லும்போது பெரும்பாலும் அவனே அமைதியாகிவிடுவான். கடைசிச் சமாதானத்துக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரீட்சை ஏமாற்று விஷயத்தில் நஷ்டம் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியாது. தம்பியை அடித்தால் அழுகிறான், பார்க்க முடிகிறது. இங்கே யாரும் அழவில்லை. பிள்ளைகளிடம் மனசாட்சி எப்படி வளர்கிறது என்று நீண்ட காலம் ஆராய்ந்த மார்ட்டின் ஹாஃப்மன் கண்டது, அதிகாரத்தால் அடக்குவதும் பாசத்தை நிறுத்தி வைப்பதும் கைகொடுக்கவில்லை, "நீ செய்ததால் இன்னாருக்கு இப்படி ஆயிற்று" என்று எடுத்துக் காட்டுவதுதான் உள்ளே தங்குகிறது என்பது. எனவே பெயர் சொல்லிக் காட்டுங்கள். கூட இருக்கிற இன்ன நண்பன் ராத்திரி உட்கார்ந்து படித்து 61 வாங்கினான், நீ பிட்டில் 70 வாங்கியிருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? வகுப்புக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி சார் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார், புரியாத மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து அந்தப் பாடம் கைவிட்டுப் போய்விடும். "உன்னால எங்க மானம் போச்சு" என்பது இந்த வகையில் சேராது. அது அவன் கவனத்தைப் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து எடுத்து, அவனுடைய பயத்தின் மேல் கொண்டுபோய் வைக்கும்.

பரிகாரம் அவன் கையால் நடக்க வேண்டும். சாரிடம் நீங்கள் போய்க் கையெடுத்துக் கும்பிடாதீர்கள். அவன் போகட்டும், நீங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நில்லுங்கள். என்ன சொல்லப் போகிறான் என்று முந்தின நாள் மூன்று வாக்கியமாக எழுதிப் பழகட்டும்: என்ன செய்தேன், அது ஏன் தப்பு, என்ன செய்யப் போகிறேன். பூஜ்யம் போட்டால் பூஜ்யமே இருக்கட்டும். அதே தாளை மார்க் இல்லாமல் மறுபடி எழுதிக் காட்ட அனுமதி கேட்கட்டும். போனைப் பிடுங்குவது, டிவியை நிறுத்துவது, விளையாட அனுப்பாதது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவதால் ஒன்றும் ஆகாது. செய்ததோடு தொடர்புள்ள ஒரே விளைவு, முடிகிற தேதியோடு. தேதி இல்லாத தண்டனையில் திருந்துவதற்குக் காரணமே இல்லை.

இனிப் பழக்கம். "இனிமே செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பதில் எப்போது, எங்கே, பதிலுக்கு என்ன என்ற மூன்றும் இல்லை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டிய வழி "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்ற வடிவம். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் தீர்மானத்தைவிட இந்த வடிவத்துக்கு நல்ல பலன் இருந்தது. பையனே தன் வார்த்தையில் எழுத வேண்டும். "தெரியாத கணக்கு வந்தா, அத விட்டுட்டு அடுத்ததப் போடுவேன், கடைசி பத்து நிமிஷம் திரும்ப வருவேன், அப்பவும் வரலன்னா தெரிஞ்ச ஸ்டெப் வரைக்கும் எழுதி நிறுத்துவேன்." ஸ்டெப் மார்க் உண்டு என்பது பல பிள்ளைகளுக்கு உறைக்கவே இல்லை, அது தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். இரண்டு அல்லது மூன்று வாக்கியம் போதும். பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

அதோடு வாரம் இரண்டு நாள் வீட்டில் சுயத்திருத்தம் வையுங்கள். பத்துக் கணக்கு, 30 நிமிடம், விடைகள் ஒரு தாளில் கவிழ்த்து மேஜை மேலேயே இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் நீங்கள் அதே அறையில் வேறு வேலை பாருங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அறையை விட்டு வெளியே போங்கள். முடித்ததும் அவனே சிவப்புப் பேனாவால் திருத்தித் தப்பானதைச் சுழிக்கட்டும். அவன் கொண்டுவரும் தாளில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுழிகளை. "இந்த நாலாவது எங்க வழுக்குச்சு?" என்று கேளுங்கள். எத்தனை சரி என்று கேட்காதீர்கள், பத்துக்குப் பத்து வந்தால் பரிசு தராதீர்கள். இந்தப் பயிற்சி கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: நான்கு மார்க் என்று பார்த்ததும் அப்பாவின் முகம் மாறும். பிள்ளை அந்த முகத்தை ஒரே பார்வையில் படித்துவிடும். அடுத்த வாரம் எட்டு வரும், அது நிஜ எட்டாக இருக்காது.

21 நாளில் பழக்கமாகிவிடும், ஒரு மண்டலம் போதும் என்று கணக்கு வைக்காதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கொண்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய செயல்கள் தானாக வருவதற்கே 18 முதல் 254 நாள் வரை தேவைப்பட்டது; நடு அளவு 66 நாள். நேர்மை அவற்றைவிடக் கடினம். அதே ஆய்வில் ஆறுதலான ஒன்றும் இருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அவன் தனியாக இருக்கும்போது. பக்கத்தில் நண்பன் இருந்தால் கதை வேறு. 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துப் பார்த்தபோது, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனியாக இருந்ததைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பரீட்சை ஹாலில் பின் பெஞ்சிலிருந்து முதுகில் பேனாவால் குத்தி "டேய் மூணாவது காட்றா" என்கிறான் ஒருவன். காட்டுகிற பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. நட்புக்கு உண்மையாக இருக்கிறான். இரண்டு நல்ல குணங்கள் ஒன்றோடொன்று மோதுகிற இடம் இது. "காட்டாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவன் நட்பைத்தான் தேர்ந்தெடுப்பான். நண்பனுக்கு உதவ இன்னொரு வழியைக் கையில் கொடுத்தால்தான் மறுக்க முடியும். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பே "சாயங்காலம் வீட்டுக்கு வா, அந்தப் பாடம் ரெண்டு பேரும் போட்டுப் பாப்போம்" என்று சொல்லட்டும். அப்படி வந்தால் இரண்டு பேருக்கும் டிபன் கொடுத்து உட்கார வையுங்கள். மறுக்கிற வார்த்தையும் முன்பே பழகியிருக்க வேண்டும், சுருக்கமாக, உபதேசம் இல்லாமல்: "பரீட்சைல வேணாண்டா, சார் என்னை வாட்ச் பண்றாரு." இதுவும் ஒருவகைச் சாக்குதானே என்று தோன்றலாம். ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியவன் என்பதால் அது உண்மையும்கூட. 13 வயதில் இந்த அளவுக்கு ஒதுங்கத் தெரிந்தாலே பெரிய காரியம். காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் பிறகு வரும்.

பாராட்டும் இதில் ஒரு விஷம் கலக்கிறது. "நீ ரொம்பக் கெட்டிக்காரன்" என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டத்தைக் காப்பாற்றும் சுமை வந்துவிடும். 2017-இல் கேல் ஹேமன், காங் லீ உள்ளிட்டோர் சீனாவில் 3, 5 வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஊகிக்கும் விளையாட்டு வைத்தார்கள். "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்று கேட்டவர்கள், "இந்தத் தடவை நல்லாச் செஞ்ச" என்று கேட்டவர்களைவிடவும், எந்தப் பாராட்டும் கேட்காதவர்களைவிடவும் அதிகம் ஏமாற்றினார்கள். வித்தியாசம் அந்த ஒரே வாக்கியத்தில்தான். எனவே ஆளைப் புகழாமல் செய்ததைச் சொல்லுங்கள், அதுவும் குறிப்பாக: "அஞ்சாவது வரலன்னு காலியா விட்டிருந்த பாரு, அது பிடிச்சிருந்தது." உறவினர்கள் வீட்டுக்கு வரும்போது மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படுவதையும் கொஞ்ச காலம் நிறுத்துங்கள்.

நீதிக்கதை சொன்னதெல்லாம் வீணா என்றால், எந்தக் கதை என்பதைப் பொறுத்தது. 2014-இல் காங் லீ குழு 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டு உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தது. பொய் சொன்னால் மூக்கு நீளும் கதையும், "ஓநாய் வருது" என்று பொய்க்கூச்சல் போட்ட இடையன் கதையும் (நம் ஊரில் அது புலி) எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் (அமெரிக்காவின் முதல் அதிபர்) கதை மட்டும் உண்மை பேச வைத்தது. அதே கதையின் முடிவை மாற்றி, ஒப்புக்கொண்டதால் கெட்டது நடந்ததாகச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. பொய்யருக்கு வரும் கேடு பிள்ளைக்குப் பயத்தைத் தருகிறது; உண்மை சொன்னவன் பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையைத் தருவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதையைவிட ஆட்கள் வேண்டும். மகாத்மாக்களை மட்டும் காட்டினால் அது தன்னால் ஆகாத காரியம் என்று ஒதுக்கிவிடுவான். ஹேமின் ஹன் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதைச் சொல்கிறது: எட்ட முடிகிற, தன்னைப் போன்ற முன்மாதிரிகள்தான் பிள்ளைகளைச் செயலில் இறக்கினார்கள். கணக்கில் 45 வாங்கியும் பிட் அடிக்காத அத்தை மகன், அதிகமாக வந்த பில் தொகையைத் திருப்பிக் கொடுத்த தெருக்கடை அண்ணன், இவர்களைக் காட்டுங்கள்.

பள்ளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கே இருக்கிறது. நீதிபோதனை வகுப்பும் சுவர் வாசகமும் தனியாக எதையும் செய்துவிடாது. அமெரிக்காவின் கல்வி ஆய்வு நிறுவனம் 84 தொடக்கப் பள்ளிகளில் ஏழு விதமான குணநல வளர்ச்சித் திட்டங்களைச் சோதித்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பிள்ளைகளின் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. 2011-இல் ஜோசப் டர்லக் குழு 213 திட்டங்களைத் தொகுத்தபோது, பலன் தந்தவற்றுக்குப் பொதுவாக இருந்தது திறனைப் படிப்படியாக அடுக்குவது, பிள்ளைகளே செய்து பழகுவது, அதற்கென நேரம் ஒதுக்குவது, எந்தத் திறன் என்று வெளிப்படையாகச் சொல்வது.

நம் பள்ளிகளில் இன்னொரு குளறுபடி. முடி வெட்டாததும், சட்டையை இன் பண்ணாததும், ரிப்பன் கட்டாததும், இன்னொரு பிள்ளையைக் கேலி செய்து அழவைத்ததும் ஒரே பிரம்பின் கீழ் வருகின்றன. ஊர் வழக்கத்தை மீறுவது வேறு, ஒருவரை வதைப்பது வேறு என்று மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கே தெரியும் என்பதை எலியட் டூரியல், லாரி நூச்சி போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர்கள் இரண்டையும் கலந்து அடிக்கும்போது, பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே அலட்சியம் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள்.

உறுதிமொழி வாங்கும் யோசனையும் அடிக்கடி வரும்: விடைத்தாளின் மேலே "நேர்மையாக எழுதுவேன்" என்று கையெழுத்துப் போடச் சொன்னால் ஏமாற்று குறையும் என்று. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை, தரவில் மோசடி இருந்ததால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே அந்தக் கதி. அதை நம்பிச் செலவு செய்வதைவிட இருக்கைகளைத் தள்ளிப் போடுங்கள், இடையில் தடுப்பு வையுங்கள், ஒரு வரிசைக்கு ஒரு வினாத்தாள் கொடுங்கள். 2020-இல் வெளியான ஆய்வொன்றில், 5, 6 வயதுப் பிள்ளைக்கும் விடைத்தாளுக்கும் நடுவே வெறும் சட்டம் (ஃபிரேம்) ஒன்றை நிறுத்தியபோதே ஏமாற்று குறைந்தது. அந்தச் சட்டத்தின் வழியே விடை தெளிவாகத் தெரியும். ஆசையைக் கண்ணெதிரே விரித்து வைத்துவிட்டுக் குணத்தைச் சோதிப்பது நியாயம் இல்லை.

வீட்டில் நீங்கள் சொல்கிற பொய்களையும் ஒரு வாரம் கவனியுங்கள். "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு", பஸ்ஸில் வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட், டியூஷனுக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று நீங்களே எழுதிக் கொடுத்த லெட்டர். செல்சி ஹேஸ், லெஸ்லி கார்வர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் தன்னிடம் பொய் சொன்னார் என்று கண்ட பள்ளி வயதுப் பிள்ளைகள், அப்படிக் காணாதவர்களைவிட அதிகம் ஏமாற்றினார்கள், அதை மறைக்கவும் செய்தார்கள். கொடுத்த வாக்கும் இதே கணக்கில் வரும். செலஸ்ட் கிட் குழு 2013-இல் 28 சின்னப் பிள்ளைகளிடம் மிட்டாய்க்காகக் காத்திருக்கும் சோதனையை வைத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் மூன்றே நிமிடம். எனவே "உண்மையச் சொன்னதுக்காக விளைவு அதிகமாகாது" என்று வண்டியில் வைத்துச் சொன்னதை மறந்துவிடாதீர்கள், அம்மாவும் அப்பாவும் ஒரே பேச்சில் நில்லுங்கள்.

அடுத்த பரீட்சையில் மறுபடி பிட் அடித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அன்று இரவு அந்த "இப்படி நடந்தால்" வாக்கியங்களை எடுத்து வைத்து, எது அந்த நேரத்தில் உதவவில்லை என்று அவனிடமே கேளுங்கள். எதிர்பாராத கணக்கு வந்திருக்கலாம், இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம், வேறொரு நண்பன் கேட்டிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். பரீட்சை மட்டும் என்றில்லாமல் வீட்டில் பணம் காணாமல் போவது, பிராணிகளையோ சின்னப் பிள்ளைகளையோ வேண்டுமென்றே வதைப்பது, ஆறு மாதத்துக்கும் மேலாகப் பல இடங்களில் பொய்யும் முரட்டுத்தனமும் என்று சேர்ந்து வந்தால் அதற்குக் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். போகும்போது பள்ளி டைரியையும், தேதி போட்ட அந்தச் சுயத்திருத்தத் தாள்களையும் கொண்டுபோங்கள். எந்த வாரம் எது மாறியது என்று மருத்துவர் கேட்பார். அந்தத் தாள்களில் அது இருக்கும்.